எடையில் வராதவை

என் தராசு பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் நம்பாது.
குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறினதும்
சிவப்பு எண்கள் குதித்துக் குதித்து அடங்கும்.
நான் எழுதுவேன், டிரைவர் கையெழுத்துப் போடுவான்.
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் இன்னும் சொல்கிறோம்,
ஊர்ப் பெயரை மாற்றியது
லாரிக்காரர்களுக்கு எட்டவில்லை போலும்.
பதினேழு வருஷமாய் இந்த ஆலையில்
நான் தராசுக் கிராணி.

இராச் சுற்றில், லாரி வராத இரண்டு மணிக்கு,
ஒருநாள் நானே மேடையில் ஏறி நின்றேன்.
எழுபது.
இடுப்பில் ஜெர்மன் குத்துவாளைச் செருகிக்கொண்டு நின்றேன்.
எழுபது.
ஐந்தையும் துண்டில் கட்டிச் சுமந்துகொண்டு நின்றேன்.
எழுபதேதான்.

ஆம், ஐந்து வைத்திருக்கிறேன்.
எல்லாம் அதிகாரிகள்
விருந்துக்கும் அணிவகுப்புக்கும்
படம் எடுக்கும் நாளுக்கும் தொங்கவிட்டவை.
கூர் தீட்டுவதே கிடையாது.
வெண்ணெய்கூட யோசித்துத்தான் வழிவிடும்.

முதலாவதை, கூட்டுச் சீட்டு விழுந்த பணத்தில் வாங்கினேன்.
வளையல் வாங்கியிருக்கலாமே அக்கா என்றான் குணாளன்.
இதுவும் நகைதான்டா என்றேன்.
பொய்யில்லை.
கழுகுக்கு இறகு இறகாய்ச் செதுக்கல்,
குஞ்சத்தில் வெள்ளிச் சரிகை,
பிடியோ பழுத்த செம்பனையின் நிறம்.
வெள்ளையாய்ப் பிறந்ததாம்;
எண்பது வருஷத்தில் இப்படிப் பழுத்துவிட்டதாம்.
கழுகின் கால் பற்றியிருக்கும் சின்னம் என்னவென்று
எனக்கும் தெரியும்.
அதனால்தான் அது கண்ணாடிப் பெட்டியில் இல்லை,
அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

யாரோ புகார் கொடுத்து
சார்ஜன் ஷம்சுடின் வந்தார் ஒரு மதியம்.
உருவினார். பழைய நாளிதழில் இழுத்துப் பார்த்தார்.
தாள் மடங்கியது, கிழியவில்லை.
இது கத்தியே இல்லை கக்கா என்று
மைலோ குடித்துவிட்டுப் போனார்.
எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

ஐந்தாவதை அவர் பார்க்கவில்லை.
அது பிறகு வந்தது,
பழைய இரும்பு வாங்கும் ஆ கியோங்கின் பெயிண்ட் வாளியில்
குழாய் முழங்கைகளுக்கு நடுவே தலைகீழாய்.
ஜப்பான் கப்பற்படை.
பித்தளையில் செர்ரிப் பூ, உறை இல்லை,
பிடியில் திருக்கைத் தோல் மணல் மணலாய்.
ஆற்றோர வீடொன்றைக் காலி செய்தபோது
அடுக்களையில் கிடைத்ததாம். யார் வீடு?
தெரியாது, பதினைந்து வெள்ளி கொடு என்றான்.

என் அம்மாவின் பெரியப்பா சயாம் ரயிலுக்குப் போனவர்.
போனவர் என்று நிறுத்துவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.
இதையுமா வாங்கினாய் என்றான் குணாளன்.
அவரைப் பிடித்தது தரைப்படை, இது கப்பற்படை என்று
வாதாடினேன்.
வாதாடும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

பினாங்கிலிருந்து வந்த மிஸ்டர் யோ
நான்கையும் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார்.
ஐந்தாவதை விளக்கடியில் திருப்பினார், பெருமூச்சு விட்டார்.
சிமெண்டுப் படியில் யாரோ தீட்டியிருக்கிறார்கள்,
இரண்டு பக்கமும் கோணல்.
பள்ளத்தில் செதில்.
உபயோகித்துவிட்டார்கள், அம்மா.
விலை பாதிகூட வராது.

சும்மா தொங்கிய நான்குக்கும் முழு விலை.

என் பதிவேட்டில் அன்றிரவு
'வேலை' என்று புதிதாய் ஒரு கட்டம் போட்டேன்.
நான்குக்கு நேரே வெறும் கோடு.
ஐந்தாவதற்கு எதிரே: மீன்.

சனிக்கிழமை பசார் மாலாமில்
அரைக் கிலோ கெம்போங் வாங்கினேன்.
வெறுங்கையால் தொடாதே, எண்ணெய்த் துணியால் மட்டும் துடை,
ஈரம் காட்டாதே என்பது சேகரிப்பவர்களின் சட்டம்.
குழாயைத் திறந்துவிட்டேன்.
செவுளுக்குக் கீழே வைத்து இழுத்தேன்.
இரண்டாம் இழுப்புத் தேவைப்படவில்லை.

அந்தப் பெண், அவள் பெண்தானோ என்னவோ,
இடக்கைக்காரியாக இருக்க வேண்டும்;
கோணல் அப்படித்தான் கையில் சாய்கிறது.

மூன்று நாளாய்ப் பிடியில் மீன் வாடை.
எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
திருக்கைக்கு அது புதிதில்லை.